கதவு இறுகுவதும் ஆப்பு பிடுங்குவதும்

ஆண்டு முழுக்கச் சொன்னபடி கேட்ட கதவு, ஐப்பசி பிறந்ததும் அடம் பிடிக்கத் தொடங்கும். முதலில் மேல் மூலை லேசாக உரசும். கார்த்திகை வருவதற்குள் தோள் கொடுத்துத் தள்ளினால்தான் மூடும். மூடிவிட்டால் திறக்காது. மழையில் ஊறிவிட்டது என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவோம்.

கொஞ்சம் யோசித்தால் இந்தப் பதில் பொருந்தாது. வாசற்கதவில் சாரல் அடிக்கிறது, சரி. ஒரு சொட்டுத் தண்ணீர் படாத பூஜையறைக் கதவு ஏன் இறுகுகிறது? இன்னொன்றும் இருக்கிறது. கதவு பக்கவாட்டில்தான் பிடிக்கிறது. அகலத்தைப்போல் இரண்டரை மடங்கு உயரம் உள்ள அதே கதவு, உயரவாக்கிலும் வளர்ந்து தரையில் இடிக்க வேண்டாமா?

ஒரு கார்த்திகையில் என் வீட்டுக் கதவு இப்படி இறுகியபோது தெருவில் இருந்த வயதான ஆசாரியைக் கேட்டேன். “தை பிறக்கட்டும் சார். இப்ப இழைச்சா பங்குனியில பல்லி பூந்து போகும்” என்றார். வேலை செய்ய மனமில்லாமல் சொல்கிறார் என்று நினைத்து, மின்சார இழைப்புளி வைத்திருந்த வேறொரு இளைஞரைக் கூப்பிட்டேன். பத்தே நிமிடத்தில் கதவு வெண்ணெய் போல மூடியது. பங்குனியில் பல்லி மட்டுமில்லை, பக்கத்து அறை வெளிச்சமும் உள்ளே வந்தது.

பெரியவர் சொன்னதற்குள் இருக்கும் அறிவியல் கதவோடு நிற்பதில்லை. மரப்பட்டறையில் அறுபட்டுக்கொண்டிருக்கும் பலகை திடீரென்று அறுப்பவர் வயிற்றை நோக்கிப் பாய்வது வரை அது போகிறது.

துண்டில் தங்கும் ஈரம்

நனைந்த துண்டைத் தூக்கினால் தண்ணீர் ஒழுகும். முறுக்கிப் பிழிந்த பிறகு ஒழுகுவது நின்றுவிடும். ஆனால் துண்டு காய்ந்துவிட்டதா? இல்லை. நூலுக்குள்ளேயே ஊறிய ஈரம் பிழிந்தாலும் வராது.

மரத்திலும் தண்ணீர் இப்படி இரண்டு இடங்களில் இருக்கிறது. மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிய நுண்குழாய்களின் கட்டு. குழாயின் உட்குழியில் நிற்பது ஒழுகும் நீர். குழாயின் சுவருக்குள் ஊறியிருப்பது பிடிநீர். வெட்டிப் போட்ட மரம் காயும்போது முதலில் ஒழுகும் நீர் போகும். இந்தக் கட்டத்தில் எடை மளமளவென்று குறையும், ஆனால் பலகையின் அளவு மாறாது. குழிகள் காலியாகி, சுவர்களில் மட்டும் ஈரம் நிறைந்து நிற்கும் ஒரு கட்டம் வரும். ஹாரி டீமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1906-இல் இதற்குப் பெயர் வைத்தார். தமிழில் ‘இழை நிறைவு நிலை’ என்று சொல்லிக்கொள்ளலாம். பெரும்பாலான மரங்களில் இது 30 சதவீதத்தை ஒட்டி அமைகிறது. அதாவது 100 கிராம் உலர்ந்த மரத்துக்கு 30 கிராம் தண்ணீர்.

இதற்குக் கீழே ஈரம் இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்குகிறது. திரும்ப ஈரம் ஏறினால் உப்புகிறது. அந்த ஈரம் மழைத்துளியாக வரவேண்டியதில்லை. காற்றில் இருக்கும் நீராவியே போதும். மரம் காற்றோடு ஓயாமல் கொடுக்கல் வாங்கல் நடத்துகிறது. சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் பல வாரம் 50 சதவீதமாக இருந்தால் பலகையின் ஈரம் சுமார் 9 சதவீதத்தில் வந்து நிற்கும். காற்று 80 சதவீதத்துக்கு ஏறினால் பலகை 15, 16-க்குப் போகும். பெயின்டும் வார்னிஷும் இந்தக் கொடுக்கல் வாங்கலைத் தாமதப்படுத்தும். நிறுத்தாது.

பூஜையறைக் கதவுக்குச் சாரல் தேவைப்படாததன் காரணம் இதுதான். வெட்டி நூறு வருடமான பர்மா தேக்குக்கும் இதே கதைதான். காய்ந்த மரம் வேறு, அசைவை நிறுத்திய மரம் வேறு. இரண்டாவது வகை உலகத்தில் கிடையாது.

ஊதுவத்திக் கட்டு

இப்போது இரண்டாவது கேள்வி. ஏன் பக்கவாட்டில் மட்டும்?

ஒரு ஊதுவத்திக் கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குச்சிகளுக்கு நடுவே வேறு சில குச்சிகளைச் செருகுங்கள். கட்டு பருக்கும், நீளாது. குழாய்ச் சுவரில் உள்ள செல்லுலோஸ் இழைகளும் பெரும்பாலும் குழாயின் நீளத்தை ஒட்டியே ஓடுகின்றன. நீர் மூலக்கூறுகள் அந்த இழைகளுக்கு இடையில் போய் உட்கார்ந்து அவற்றை விலக்குகின்றன. அதனால் மரம் தடிக்கிறது. நெடுவாக்கில் கிட்டத்தட்ட அசையாமல் இருக்கிறது.

தடிப்பதிலும் ஓரவஞ்சனை உண்டு. அடிமரத்தைக் குறுக்கே அறுத்தால் வளையங்கள் தெரியுமல்லவா? நடுவிலிருந்து பட்டையை நோக்கிப் போகும் திசையை ஆரவாக்கு என்றும், வளையத்தைத் தழுவிச் செல்லும் திசையை வளையவாக்கு என்றும் வைத்துக்கொள்வோம். பொதுவாக மரம் ஆரவாக்கில் அசைவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வளையவாக்கில் அசைகிறது. நடுவிலிருந்து வெளியே சக்கரத்தின் ஆரக்கால்கள் போல ஓடும் ஒருவகைச் செல்கள் ஆரவாக்கில் இழுத்துப் பிடிப்பது அதற்கு ஒரு காரணம்.

இதைத் தெரிந்துகொண்டால் பலகையின் முனையைப் பார்த்தே அது நாளை என்ன செய்யும் என்று சொல்லிவிடலாம். முனையில் வளையங்கள் படுத்த வில்லாகத் தெரிந்தால் அது தட்டை அறுப்பு. அகலவாக்கில் நிறைய அசையும். காயும்போது வில் நிமிரப் பார்க்கும், பலகை ஓடுபோல் குழியும். வளையங்கள் கம்பிபோல் செங்குத்தாக நின்றால் அது ஆர அறுப்பு. சாதுவான பலகை. மரவாடியில் நல்ல தச்சர் பலகையின் பளபளப்பான முகத்தை விட்டுவிட்டு முனையைக் குனிந்து பார்ப்பது இதற்காகத்தான்.

ஒரு கதவைக் கணக்குப் போடுவோம்

தேக்குக் கதவு ஒன்று. அகலம் 75 சென்டிமீட்டர், உயரம் 2 மீட்டர். நாலைந்து பலகைகளைப் பசை போட்டு ஒட்டி, முழுசாகச் செய்தது. எல்லாம் தட்டை அறுப்பு.

அமெரிக்காவின் மேடிசன் நகரில் உள்ள வனப்பொருள் ஆய்வகம் உலக மரங்களின் சுருக்க அளவுகளைத் தொகுத்து வைத்திருக்கிறது. அதன்படி, இழை நிறைவு நிலையிலிருந்து முழுக்க உலரும்வரை தேக்கு வளையவாக்கில் 5.8 சதவீதமும் ஆரவாக்கில் 2.5 சதவீதமும் சுருங்கும். மரங்களில் தேக்கு அடக்கமான வகையைச் சேர்ந்தது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஈரத்தின் ஒவ்வொரு சதவீதத்தையும் ஒரு படி என்போம். 30 படி இறங்கினால் 5.8 சதவீதம். அப்படியானால் ஈரம் ஒரு படி மாறும்போது அகலம் சுமார் 0.19 சதவீதம் மாறும். கோடையில் 9-இல் இருந்த பலகை மழைக்காலத்தில் 15-ஐத் தொட்டால் 6 படி, அதாவது 1.16 சதவீதம். 75 சென்டிமீட்டரில் அது கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டர். கதவுக்கும் நிலைக்கும் இடையில் பக்கத்துக்கு 2, 3 மில்லிமீட்டர்தான் விட்டிருப்பார்கள். இறுகாமல் என்ன செய்யும்?

இதே கதவை ஆர அறுப்புப் பலகையில் செய்திருந்தால் மாற்றம் 4 மில்லிமீட்டருக்குள் அடங்கியிருக்கும். உயரவாக்கில் பார்த்தால், 2 மீட்டருக்கும் சேர்த்து ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. கதவு தரையில் இடிக்காத மர்மம் அவ்வளவுதான்.

நான் கார்த்திகையில் இழைத்து எடுத்தது பலகையின் மழைக்கால உடம்பை. பங்குனியில் மரம் தன் 9 மில்லிமீட்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டது. இழைப்புளி தின்றது மட்டும் திரும்பவில்லை.

பெயின்ட் படாத கோடு

நம் பழைய வீடுகளின் கதவுகளைப் பாருங்கள். முழுப் பலகையாக இருக்காது. சுற்றிலும் சட்டம், சட்டத்தின் காடிக்குள் செருகிய நடுப்பலகை. அழகுக்காகச் செய்தது என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

கணக்கை மறுபடி போடுவோம். கதவின் அகலத்தில் குறுக்குச்சட்டம் நீளவாக்கில் ஓடுகிறது. அது அசையாது. அகலத்தை மாற்றக்கூடியவை இரு ஓரங்களிலும் நிற்கும் நெடுஞ்சட்டங்கள் மட்டும்தான். ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர் என்றால் மொத்தம் 20. அதில் 1.16 சதவீதம் என்றால் 2.3 மில்லிமீட்டர். ஒன்பது இரண்டேகாலாகச் சுருங்கிவிட்டது! நடுப்பலகை உப்பாமலா இருக்கிறது? உப்பும். ஆனால் காடிக்குள் விட்ட இடத்தில் அது தன் பாட்டுக்கு நகர்ந்துகொள்ளும். அதற்கு ஒரே நிபந்தனை, அந்தப் பலகையைப் பசை போட்டோ ஆணி அடித்தோ சட்டத்தோடு பிணைக்கக் கூடாது. உறுதியாக இருக்கட்டும் என்று புதுத் தச்சர்கள் ஆணி அடித்துவிடுவார்கள். முதல் கோடையிலேயே பலகை நடுவில் வெடிக்கும். மேஜைப் பலகைக்கு அடியில் குறுக்குச்சட்டத்தை இறுக்கித் திருகி வைப்பதும் அதே தப்பு.

மழைக்காலத்தில் பெயின்ட் அடித்த சட்டக் கதவு ஒன்றைச் சித்திரையில் உற்றுப் பாருங்கள். நடுப்பலகையின் ஓரத்தில், சட்டத்தை ஒட்டி, பெயின்டே படாத மெல்லிய கோடு தெரியும். காடிக்குள் ஒளிந்திருந்த மரம் சுருங்கியதால் வெளியே வந்திருக்கிறது.

கதவு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேலை: கதவைக் கழற்றும் வாய்ப்பு வந்தால் அடிவிளிம்பைத் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் பெயின்ட் படாத வெறும் மரமாகவே இருக்கும். மாட்டிய பிறகு பெயின்ட் அடித்தால் தூரிகை அங்கே போகாது. நெடுஞ்சட்டங்களின் குழாய் வாய்கள் திறந்து கிடப்பது அந்த விளிம்பில்தான். மரம் அதிவேகமாக ஈரம் குடிப்பதும் அந்த வழியாகத்தான்.

மரம் ரம்பத்தைப் பிடிக்கும்போது

பஞ்சதந்திரக் குரங்கை எல்லோருக்கும் தெரியும். தச்சர்கள் பாதி அறுத்து, பிளவில் ஆப்பு வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். குரங்கு அந்த ஆப்பைப் பிடுங்கி மாட்டிக்கொண்டது. தேவையில்லாத வேலையில் தலையிடாதே என்ற நீதியோடு நாம் கதையை மூடிவிடுகிறோம். எனக்கு வேறொரு கேள்வி. தச்சர்கள் அங்கே ஆப்பை ஏன் வைத்தார்கள்?

ரம்பம் தின்றுகொண்டு போன வழியை அறுப்புச்சந்து என்போம். அறுக்க அறுக்க அந்தச் சந்து திறந்தே இருக்கும் என்று நம்புவதற்கில்லை. மரம் வளரும்போதே தனக்குள் இழுவிசைகளைச் சேர்த்துவைக்கிறது. சாய்ந்து வளர்ந்த மரம் இன்னும் அதிகமாகச் சேர்க்கிறது. அவசரமாகச் சூளையில் உலர்த்திய பலகைக்கு இன்னொரு நோய் உண்டு. வெளித்தோல் முந்திக் காய்ந்து விறைத்துவிடும், பிறகு உள்பகுதி சுருங்கப் பார்த்து இழுபட்டு நிற்கும். அறுக்காதவரை இந்த விசைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும். நடுவில் ரம்பம் நுழைந்ததும் கட்டு அவிழ்கிறது. சில பலகைகள் இரண்டு பக்கமும் விரியும், பிரச்சினை இல்லை. சில உள்நோக்கி வளைந்து ரம்பத்தைக் கவ்விப் பிடிக்கும்.

கைரம்பமாக இருந்தால் ரம்பம் சிக்கும். ஆப்பு வைத்து விடுவிக்கலாம். ரம்பம் மின்சாரத்தில் சுற்றும்போதுதான் வினை.

கால் நொடி

டேபிள் சா என்பது நடுவில் வட்ட ரம்பம் எட்டிப் பார்க்கும் ஒரு மேஜை. பலகையை நாம் தள்ளுகிறோம், ரம்பம் இருந்த இடத்திலேயே சுற்றுகிறது. நமக்கு எதிரே உள்ள பற்கள் கீழ்நோக்கி இறங்குவதால் பலகையை மேஜையோடு அழுத்துகின்றன. அந்தப் பக்கம் பயம் குறைவு. ரம்பத்தின் பின்பாதிப் பற்கள் மேலே ஏறி, உச்சியைத் தாண்டி நம்மை நோக்கி வருகின்றன. அறுப்புச்சந்து மூடிப் பின்பற்களைக் கவ்வினால் அந்தப் பற்கள் பலகையைத் தூக்கி, அறுப்பவர் பக்கம் வீசும். ஆங்கிலத்தில் இதைக் கிக்பேக் என்பார்கள். எதிர்வீச்சு என்று வைத்துக்கொள்வோம். பலகை சற்றுக் கோணலாகத் திரும்பிப் பின்பற்களில் மோதினாலும் இதேதான் நடக்கும்.

எவ்வளவு வேகம்? 10 அங்குல ரம்பம், நிமிடத்துக்கு 4,000 சுற்று. சுற்றளவு 80 சென்டிமீட்டர். நொடிக்கு 67 சுற்று என்றால் பல்லின் வேகம் நொடிக்கு 53 மீட்டர், மணிக்கு 190 கிலோமீட்டர். கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை விலக ஏறக்குறைய கால் நொடியாகும். அதற்குள் ரம்பம் 16 சுற்றுக்கு மேல் சுற்றியிருக்கும். 40 பல் ரம்பம் என்றால், 600 பற்களுக்கு மேல் கடந்துபோயிருக்கும். “நான் உஷாரா இருப்பேன்” என்று சொல்பவர் இந்தக் கணக்கைப் பார்க்காதவர்.

அதனால் உஷாரை நம்பாமல் இடத்தை நம்ப வேண்டும். ரம்பத்துக்கு நேர் எதிரே நிற்காமல் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றால் பலகை நம்மைத் தாண்டிச் சுவரில் மோதும். பலகை பறந்தவுடன், அதை அழுத்திக்கொண்டிருந்த கை பிடிமானம் இழந்து ரம்பத்தின்மேல் விழும் என்பதால், கடைசி ஒரு சாண் தூரத்தைக் கையால் தள்ளாமல் தள்ளுகட்டையால் தள்ள வேண்டும். பழைய ரீப்பர் துண்டு போதும், பைசா செலவில்லை. கையுறை மட்டும் கூடவே கூடாது. பாதுகாப்புக்குத்தானே கையுறை என்று தோன்றும். பற்கள் துணியின் ஒரு நூலைப் பிடித்தால் விரலோடு நிற்காமல் கையையே உள்ளே இழுத்துவிடும். தோளில் கிடக்கும் துண்டுக்கும் இதே சட்டம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய காவல், ரம்பத்துக்குப் பின்னால் ஒட்டி நிற்கும் ஒரு சின்னத் தகடு. ரம்பத்தின் தகட்டைவிடத் தடிப்பு, அறுப்புச்சந்தைவிட மெல்லிசு. அறுபட்ட பலகை வந்து இதைத் தழுவிக்கொண்டு நகரும். மூட நினைத்தாலும் தகடு விடாது. பஞ்சதந்திரத்து ஆப்புதான், எஃகில் செய்தது. ஆப்புத்தகடு என்றே சொல்லலாம். முழு ஆழத்துக்கு அறுக்காமல் காடி மட்டும் எடுக்க வேண்டியிருக்கும்போது பழைய வகைத் தடுப்புகள் குறுக்கே நிற்கும் என்று கழற்றிப் போடுவார்கள். புதியவை ரம்பத்தின் உச்சியைவிடத் தாழ்வாக, அதோடு சேர்ந்து ஏறி இறங்குபவை. கழற்ற வேண்டிய தேவையே இல்லை. இருந்தும் பல பட்டறைகளில் அது அலமாரியில் தூசு படிந்து கிடக்கும். குரங்குக் கதை இன்னும் முடியவில்லை.

மார்பிள் கட்டர்

இதுவரை சொன்னது வசதியான பட்டறைக்கு. நம்மூரில் வீடு கட்டும் இடத்துக்கு வரும் தச்சர் பலரின் கையில் இருப்பது 4 அங்குல மார்பிள் கட்டர். கல் அறுக்கப் பிறந்த கருவி அது. பிளேடை மாற்றி மரம் அறுக்கிறார்கள். 110 மில்லிமீட்டர் பிளேடு நிமிடத்துக்கு 12,000 சுற்றில் ஓடினால் பல்லின் வேகம் மணிக்கு 250 கிலோமீட்டரை ஒட்டி வரும். ஆப்புத்தகடு கிடையாது. இங்கே மரம் கவ்வினால் பறப்பது பலகை இல்லை, கருவியே பிடித்திருப்பவரை நோக்கித் துள்ளும். விலை மலிவு, ஒரு பையில் அடங்கும் என்பதால் அதை விட்டுவிடுங்கள் என்று சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை. குறைந்தபட்சம் பலகையை வைக்கும் விதத்தையாவது மாற்றலாம்.

இரண்டு செங்கல் அடுக்குகள்மேல் பலகையைப் பாலம்போல் வைத்து நடுவில் அறுக்கிறார்கள். அறுபட அறுபடப் பலகை நடுவில் தொய்யும். தொய்ந்தால் சந்தின் மேல்வாய் மூடி பிளேடைக் கவ்வும். வெட்டும் இடம் தாங்குகட்டைக்கு வெளியே இருந்து, கழியும் துண்டு அந்தரத்தில் தொங்கினால் சந்து தானாகத் திறக்கும்.

விரலும் ஈரப்பலகையும்

அமெரிக்காவில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று, காப்புரிமை வழக்கறிஞராக இருந்த ஸ்டீவ் காஸ், 1999-இல் ஒரு யோசனையில் இறங்கினார். மனித உடல் மின்னூட்டத்தை உறிஞ்சும். உலர்ந்த மரம் அப்படிச் செய்யாது. ரம்பத்தில் ஒரு மெல்லிய மின்சமிக்ஞையை ஓடவிட்டு, அது திடீரென்று குறைந்தால் விரல் பட்டுவிட்டது என்று பொருள் கொள்ளலாமே? அவர் செய்த கருவியில் சமிக்ஞை குறைந்ததும் ஒரு மெல்லிய கம்பி உருகுகிறது. அது பிடித்து வைத்திருந்த சுருள்வில் விடுபட்டு ஓர் அலுமினியக் கட்டையைப் பற்களுக்குள் அறைகிறது. ரம்பம் 5 மில்லி நொடிக்குள், அதாவது ஒரு சுற்றின் மூன்றில் ஒரு பங்குக்குள் நின்றுவிடுகிறது. விரலுக்குப் பதில் சாஸேஜை வைத்துக் காட்டியபோது அதில் ஒரு சின்னக் கீறல்தான் விழுந்தது. 2004-இல் சாஸ்டாப் என்ற பெயரில் இயந்திரம் விற்பனைக்கு வந்தது. ஒருமுறை வேலை செய்தால் பிரேக்கும் ரம்பமும் வீண். விரலின் விலைக்கு அது சல்லிசு.

இந்தக் கெட்டிக்கார இயந்திரத்துக்கும் ஒரு குழப்பம் உண்டு. மரத்தில் பிடிநீர் ஏற ஏற அதன் மின்தடை பல லட்சம் மடங்கு குறைகிறது. மரவாடியில் பலகையில் இரண்டு ஊசிகளைக் குத்தி ஈரத்தைக் காட்டும் ஈரமானி இதை வைத்துத்தான் அளக்கிறது. சொட்டச் சொட்ட ஈரமான பலகையை சாஸ்டாப்பில் விட்டால் அது விரல் என்று நினைத்து பிரேக் அடித்துவிடலாம். அப்படிப்பட்ட மரத்துக்காக, பிரேக்கை அணைத்துவைக்க ஒரு சாவியையும் கொடுத்திருக்கிறார்கள்.

ஈரப்பலகை அறுக்க வந்தவர் அந்தச் சாவியைத் திருப்புகிறார். இன்னும் காயாத, அறுக்கும்போது எந்தப் பக்கம் வளையும் என்று சொல்ல முடியாத மரம் அது. இப்போது அவருக்கும் பலகைக்கும் நடுவில் மிச்சம் இருப்பது ரம்பத்துக்குப் பின்னால் நிற்கும் அந்த மெல்லிய ஆப்புதான்.